இத்துப்போதல் என்னும் வேலை

வேலிக்கு ஊன்றிய கால் எந்த இடத்தில் முதலில் இத்துப்போகும் என்று தோட்டம் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லிவிடுவார். மேலே நிற்கும் பாகம் வெயிலில் வெளுத்து, மழையில் நனைந்து, விரிசல் விட்டாலும் கெட்டியாகத்தான் இருக்கும். ஆழத்தில் புதைந்த நுனியும் பெரும்பாலும் தப்பிவிடும். மண்ணும் காற்றும் சந்திக்கும் ஒரு சாண் அளவில் மட்டும் கட்டை கறுத்து, நகத்தால் கீறினாலே உதிர்ந்து, ஒருநாள் ஆடு உரசியதற்கே முறிந்து விழும். கிணற்றின் அடியில் போட்ட நெல்லிக்கட்டையோ தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடந்து, போட்டவரின் பேரன் தூர்வாரும்போதும் கட்டையாகவே வெளியே வரும்.

மரத்தை அழிப்பது காலம் என்றால் இரண்டும் ஒன்றுபோல அழிந்திருக்க வேண்டும். தண்ணீர் என்றால் கிணற்றுக்கட்டை முதலில் போயிருக்க வேண்டும். வெயிலும் காற்றும் என்றால் வேலிக்காலின் தலைதான் முதலில் போயிருக்கும். ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் இடத்தில் மட்டும் மரம் இத்துப்போகிறது. அப்படியானால், மூச்சு விடுகிற, தண்ணீர் குடிக்கிற யாரோ அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்றுதான் பொருள்.

அந்த யாரோ, பெரும்பாலும் பூஞ்சைகள். குடை விரிக்கும் காளான்களை எல்லோருக்கும் தெரியும். ஆனால் செத்த மரத்திலும் காட்டுச் சருகிலும் குடியிருப்பவற்றில் மிகப் பல, நம் கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளியாகவோ சாம்பல் பூத்ததுபோன்ற பொடியாகவோ மட்டுமே தென்படும் நுண்பூஞ்சைகள். சுள்ளியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அழுக்கு என்று நினைத்துத் தூக்கி எறிகிறோமே, அந்த அழுக்குக்குள்தான் அவை இருக்கின்றன.

வெள்ளையும் வைரமும்

மரத்தை அறுத்ததும் தச்சர் கண் இரண்டைப் பிரித்துப் பார்க்கும்: வெளிப்பக்கம் வெளிறிய வெள்ளை, உட்பக்கம் நிறம் ஏறிய வைரம். வெள்ளையில், மரம் உயிரோடு இருந்தபோது சேர்த்துவைத்த மாவுச்சத்து இருக்கிறது. வைரத்தில், மரம் வயது ஏற ஏற உள்ளே இறக்கிய கசப்பும் நெடியும் கொண்ட வேதிப்பொருள்கள் இருக்கின்றன. தேக்கின் வைரத்தில் உள்ள குயினோன் வகைப் பொருள்கள் பூஞ்சைக்கு ஒவ்வாதவை. தேக்கு நிலைக்கதவு தலைமுறை தாண்டி நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். "ஒதி பெருத்தால் உத்திரம் ஆகுமா" என்று பழமொழி கேட்கிறது. ஒதிய மரம் எவ்வளவு பருத்தாலும் பூஞ்சையைத் தடுத்து நிறுத்தும் சரக்கு அதற்குள் அவ்வளவாக இல்லை. பழமொழியைச் சொன்னவர் மனிதர்களை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதன் அடியில் இருப்பது மரம் இத்துப்போவதைப் பல தலைமுறைகள் கவனித்த அறிவு. இந்த ஒதிய மரம் கட்டுரையில் இன்னொரு முறை வரும்.

மரத்தின் செல் சுவரை கம்பி கட்டி கான்கிரீட் போட்ட சுவராக நினைத்துக்கொள்ளலாம். கம்பிகள் செல்லுலோஸ்; அவற்றைச் சுற்றி இறுகியிருக்கும் காரை லிக்னின். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் சர்க்கரையை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. நாம் சோற்றில் சாப்பிடும் மாவுச்சத்தும் அதே குளுக்கோஸ்தான். கோத்த விதம்தான் வேறு. அந்தச் சிறிய வேறுபாட்டால், பருத்திச் சட்டையைத் தின்று நம்மால் பசியாற முடியாது. பூஞ்சையால் முடியும்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அதன் உடல் முழுவதும் இழை. குறுக்களவு பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரோமீட்டர். நம் தலைமுடியோ ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். இந்த இழை தன் நுனியில் நொதிகளைச் சுரந்து, உணவை வெளியிலேயே செரித்து, கரைந்து வருவதை உறிஞ்சிக்கொள்கிறது. செல்லுலோஸை அறுப்பதில் மூன்று நொதிகளுக்குக் கூட்டுவேலை உண்டு. ஒன்று சங்கிலியை நடுநடுவே வெட்டும். அடுத்தது வெட்டிய முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு குளுக்கோஸாக உரித்துக்கொண்டே போகும். மூன்றாவது அந்த இரட்டையைப் பிரித்து ஒற்றையாக்கும். மூன்றில் எது சோம்பினாலும் வேலை நின்றுவிடும்.

லிக்னின் அப்படி மசிவதில்லை. அதில் ஒழுங்கான சங்கிலி கிடையாது. தாறுமாறாகப் பிணைந்த வளையங்கள். பூட்டுக்கு ஏற்ற சாவி என்று ஒரு நொதியைச் செய்துகொள்ள வழியில்லை. எனவே சில பூஞ்சைகள், கண்டதையும் தாக்கி உடைக்கும் வீரியம் மிக்க மூலக்கூறுகளை உருவாக்கி அதன்மேல் ஏவுகின்றன. லிக்னினைச் சிதைக்கும் பெராக்சிடேஸ் நொதி 1983இல்தான் கண்டறியப்பட்டது. பழுப்பு நிற லிக்னின் போய்விட்டால் மிஞ்சும் மரம் வெளுத்து நார் நாராகும். அது வெள்ளை அழுகல். லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு செல்லுலோஸை மட்டும் உருவிக்கொண்டால் மரம் பழுப்பாகி, சதுரம் சதுரமாக வெடித்து, விரலில் நசுங்கும் தூளாகும். அது பழுப்பு அழுகல். இரண்டையும் செய்பவை பெரும்பாலும் காளான் கூட்டத்தைச் சேர்ந்த பெரிய பூஞ்சைகள்.

லிக்னினைப் பற்றி ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், லிக்னினைச் சிதைக்கத் தெரிந்த பூஞ்சை உலகில் இல்லை. அதனால்தான் விழுந்த மரமெல்லாம் மக்காமல் குவிந்து நிலக்கரி ஆயிற்று. பிறகு வெள்ளை அழுகல் பூஞ்சை தோன்றியதும் நிலக்கரி உருவாவது நின்றது என்பது அந்தக் கதை. 2012இல் பூஞ்சை மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு வந்த ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. 2016இல் வந்த இன்னோர் ஆய்வு அதை மறுத்தது. என் மனம் மறுத்தவர்கள் பக்கமே சாய்கிறது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி அந்தக் காலத்துக்கு இருபது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. அதற்குள் லிக்னினைத் தின்னும் பூஞ்சைகள் உலகெங்கும் பரவி முடிந்திருந்தன. இருந்தும் அந்த மரங்கள் மக்கவில்லை. சதுப்பில் மூழ்கிக் காற்றில்லாமல் கிடந்தன என்பதே காரணம். கிணற்றுக்கடியில் கிடக்கும் நெல்லிக்கட்டையின் கதைதான் அங்கேயும்.

மணிமாலைக் குழிகள்

அப்படியானால் நுண்பூஞ்சைகளின் பங்கு என்ன? வெகுகாலம்வரை, அவை மரத்தின் மேற்பரப்பில் சர்க்கரையை நக்கிவிட்டுப் போகிறவை, கட்டையை உண்மையில் உருக்குலைப்பவை காளான்களே என்றுதான் நினைத்தார்கள். இங்கிலாந்தில் மின்நிலையங்களின் குளிர்விப்புக் கோபுரங்களில் பொருத்திய மரச்சட்டங்கள் அந்த நினைப்பைக் குலைத்தன. எப்போதும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த அந்தச் சட்டங்களின் மேற்பகுதி களிபோல மென்மையாகிக் கரைந்தது. காளானின் சுவடே இல்லை. 1954இல் சேவரி என்ற ஆய்வாளர், இதைச் செய்வது கீட்டோமியம் போன்ற நுண்பூஞ்சைகள்தாம் என்று காட்டி, மூன்றாவது வகையான மென்னழுகலை விவரித்தார்.

இந்த வகை வேலையின் அழகு நுண்ணோக்கியில்தான் தெரியும். இழை செல் சுவரின் தடித்த நடு அடுக்குக்குள் நுழைந்து, செல்லுலோஸ் நார்கள் சுற்றிச் செல்லும் அதே சாய்வில் திரும்பி, இரு முனையும் கூரான சிறு குழியைக் குடைகிறது. குழி முடிந்த முனையிலிருந்து மெல்லிய இழை நீண்டு, சற்றுத் தள்ளி அடுத்த குழி. அதற்கடுத்து இன்னொன்று. சுவருக்குள் திருகிச் செல்லும் மணிமாலையைக் கோத்ததுபோல் இருக்கும். காளான்களால் சமாளிக்க முடியாத அளவுக்கு ஈரம் மிகுந்த இடம், கடுங்குளிர், மருந்தடித்த மரம் ஆகியவற்றில் இவை தாக்குப்பிடிக்கும். அண்டார்டிகாவில் ஸ்காட்டின் குழு 1911இல் கட்டிய மரக்குடிலைக்கூட, மண்ணைத் தொடும் பலகைகளில், மென்னழுகல் பூஞ்சைகள் அரித்திருப்பதை அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் வேலிக்காலின் தரைமட்டச் சாணிலும் இந்தக் கூட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சருகின் கதை இன்னும் முன்பே தொடங்குகிறது. இலை விழுந்த பிறகு பூஞ்சை வந்து சேர்வதாகத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் மரத்தில் பச்சையாக ஆடும் இலைக்குள்ளேயே, நோய் எதுவும் காட்டாமல், பூஞ்சைகள் குடியிருக்கின்றன. சென்னையில் டி.எஸ். சூரியநாராயணனும் அவருடைய மாணவர்களும் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் முட்காடு, இலையுதிர்காடு, பசுமைமாறாக்காடு எல்லாவற்றிலும் இலைகளைப் பறித்து இவற்றைத் தேடினார்கள். மழைக்காலத்து இலைகளில் கோடை இலைகளைவிட அதிகம் கிடைத்தன. ஃபைலோஸ்டிக்டா கேபிட்டலென்சிஸ் என்ற ஒரே பூஞ்சை, உறவே இல்லாத பல மரங்களின் இலைகளில் இருந்தது. இலை பழுத்து விழும்போது இவற்றில் பல அதோடு சேர்ந்து தரைக்கு வருகின்றன. வெளியாட்கள் வந்து சேருமுன் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் இவர்கள்தாம். அவர்களுக்குப் பின் சர்க்கரை தின்பவை, அப்புறம் செல்லுலோஸ் தின்பவை, கடைசியில் லிக்னின் தின்பவை என்று பாடநூல்கள் வரிசை போடும். ஒரு சருகை எடுத்துப் பார்த்தால் அந்த வரிசை அவ்வளவு ஒழுங்காக இருக்காது. நரம்பின்மேல் ஒருவர், நரம்புகளுக்கு இடையே ஒருவர், காம்பில் வேறொருவர் என்று ஒரே நேரத்தில் எல்லோரும் இருப்பார்கள்.

ஒரு டப்பாவும் ஈரக் காகிதமும்

இவற்றைப் பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமாக்கிய டிஷ்யூ காகிதத்தை விரித்து, அதன்மேல் இத்துப்போன சுள்ளியையோ சருகையோ வைத்து மூடிவிட வேண்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்திலிருந்து பல வாரங்கள்வரை பூஞ்சைகள் ஒவ்வொன்றாக வித்து விடத் தொடங்கும். செடிக்கு விதைபோல, பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய துகள்தான் வித்து. ஆய்வகங்களிலும் இதுதான் அடிப்படை முறை. ஆஸ்துமா உள்ளவர்கள் மட்டும் மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்ப்பது நல்லது.

ஓர் ஐப்பசி மாதம், தெருவோரத்தில் பொறுக்கிய சுள்ளிகளையும் சருகுகளையும் இப்படி வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பழைய நுண்ணோக்கி ஒன்றின் அடியில் வைத்தபோது நான் சற்று நேரம் பேச்சற்றுப்போனேன். பழுப்புப் பொடி என்று நான் நினைத்திருந்தது வைரக்கல் வடிவ வித்துகள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் வெளிறிய பட்டை, நுனியில் ஒரு முள். அவை பெல்ட்ரானியா என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெப்பநாட்டுச் சருகில் சாதாரணமாகக் கிடைப்பவை. கடிகாரச் சுருள்போலச் சுருண்ட வித்துகள் உண்டு. நான்கு கொம்பு முளைத்தவை உண்டு. ஓடைகளில் மூழ்கிய இலைகளில், நான்கு கை நீட்டிய நங்கூரம்போன்ற வித்துகளை 1942இல் இங்கிலாந்தின் இங்கோல்ட் வெளியுலகுக்குக் காட்டினார். ஓடும் தண்ணீரில் உருண்டை வித்து வழுக்கிப் போய்விடும். நான்கு கை உள்ளது எப்படிப் போனாலும் எதிலாவது மாட்டிக்கொள்ளும். மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளின் நுரையை அள்ளிப் பார்த்தாலும் இந்த உறவினர்கள் அகப்படுவார்கள்.

வடிவம் இவ்வளவு கண்ணைக் கவர்ந்ததால்தான் ஒரு நூற்றாண்டு வழி தவறிப்போனது. இத்தாலியின் சக்கார்டோ 1882 முதல் வெளியிட்ட பெரும் தொகுப்பு, வித்தின் வடிவம், நிறம், தடுப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துப் பூஞ்சைகளை அடுக்கியது. உருண்டை ஒரு பக்கம், சுருள் ஒரு பக்கம், நட்சத்திரம் ஒரு பக்கம். தேடி எடுக்க வசதி. உறவு தெரிய உதவாது. ஒரே நிறச் சட்டை போட்டவரெல்லாம் ஒரே குடும்பம் என்பதுபோல.

வித்து எப்படி இருக்கிறது என்பதைவிட எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 1953இல் பூஞ்சையியலாளர் ஸ்டான்லி ஹியூஸ் எழுதினார். இது வகைபிரித்தலையே புரட்டிப்போட்டது. சில பூஞ்சைகளில் காம்பின் நுனி, வாய் குறுகிய குடுவைபோல இருக்கும்; முறுக்கு உழக்கிலிருந்து மாவு வருவதுபோல வித்து ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்படும், உழக்கு மட்டும் அப்படியே இருக்கும். வேறு சிலவற்றில் ஒவ்வொரு வித்து உதிரும்போதும் காம்பு கொஞ்சம் நீண்டு ஒரு வளையத் தழும்பு விடும். மட்டை விழுந்த தென்னை மரத்தில் வளையங்கள் இருக்குமே, அதேபோல. வளையங்களை எண்ணினால் அந்தக் காம்பு எத்தனை வித்து ஈன்றது என்று சொல்லிவிடலாம். இன்னும் சிலவற்றில் கெட்டியான கறுப்புச் சுவரில் ஊசித்துளை விழுந்து அதன் வழியே வித்து குமிழியாக ஊதி வெளிவரும்.

இந்தப் புதிய பார்வையைக் கைக்கொண்டு வளர்த்தவர்களில் முன்வரிசையில் இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன். 1924இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர், சென்னையில் டி.எஸ். சதாசிவனிடம் பயின்றவர். 1962இல் அவர் வெளியிட்ட வகைப்பாடு, வித்துப் பிறப்பையே அடித்தளமாக வைத்தது. 1965இல் அறிவியலுக்கான பட்நாகர் பரிசு பெற்றார். இந்தியாவின் இழைப்பூஞ்சைகளைப் பற்றி அவர் எழுதி 1971இல் வெளியான, 900 பக்கங்களைத் தாண்டிய நூல் உலகெங்கும் ஆய்வக மேசைகளில் இடம்பிடித்தது. 1977 முதல் 1983 வரை பன்னாட்டுப் பூஞ்சையியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். சருகையும் சுள்ளியையும் பார்ப்பதில் உலகின் முக்கியமான இடங்களுள் ஒன்றாகச் சென்னை இருந்த காலம் அது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அவர் வைத்த பெயர்களைச் சொல்லாமல் நகர முடியவில்லை. அறிவியல் பெயர் என்றால் லத்தீனும் கிரேக்கமும்தான் என்றிருந்த துறையில் த்வயபீஜ, குடிலகேச, வக்ரபீஜ, பஹுசூத்ரபீஜ என்று வடமொழிச் சொற்களால் பேரினங்களுக்குப் பெயரிட்டார். இருவகை வித்து உடையது, சுருள்முடி உடையது, வளைந்த வித்து உடையது, பல நூல் கொண்ட வித்து உடையது என்று பொருள். சில பெயர்கள் பின்னர் வேறு பேரினங்களில் கரைந்தன. பல இன்றும் வழங்குகின்றன. 1952இல் அவர் பெல்ட்ரானியாவுக்கு நெருங்கிய ஒரு புதிய பேரினத்தை விவரித்தார்: பெல்ட்ரானியெல்லா. அதன் முதல் இனத்துக்குப் பெயர் பெல்ட்ரானியெல்லா ஒடினே. ஒடினா என்பது ஒதிய மரத்தின் அன்றைய தாவரவியல் பெயர். ஒதியன் என்ற நம் சொல்லே அதற்குள் இருக்கிறது. உத்திரம் ஆகாத மரம், உலகப் பூஞ்சையியலில் ஒரு பேரினத்துக்கு உத்திரமாயிற்று.

மரம் தின்பவர் வேட்டையாடுவது ஏன்

செத்த மரம் பெரிய விருந்துபோலத் தோன்றினாலும் சத்தில் ஒருபக்கம் மிக ஏழ்மையானது. கரி நிறைய உண்டு. நைட்ரஜன் மிகக் குறைவு. ஒரு பங்கு நைட்ரஜனுக்குப் பல நூறு பங்கு கரி. பூஞ்சையின் உடலுக்கோ பத்துப் பங்குக்கு ஒன்று என்ற அளவில் நைட்ரஜன் வேண்டும். வெறும் சோறு மலையாகக் கிடக்கிறது, தொட்டுக்கொள்ளப் பருப்பு இல்லை என்ற நிலை. பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு வருடக்கணக்கில் மக்காமல் இருப்பதற்கு லிக்னினோடு இதுவும் காரணம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை மக்கவைக்கச் சொல்லும் முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் 5 கிலோ யூரியாவும் சேர்க்கச் சொல்கிறார்கள். யூரியா அந்தப் பருப்பு.

காட்டில் யூரியா போட ஆளில்லை. எனவே சில பூஞ்சைகள் வேட்டைக்குப் போகின்றன. ஆர்த்ரோபாட்ரிஸ் ஒலிகோஸ்போரா என்ற நுண்பூஞ்சை சாதுவான சருகுவாசியாகத்தான் 1850களில் விவரிக்கப்பட்டது. அது தன் இழைகளை வளையம் வளையமாகப் பின்னி, பசை தடவிய வலை விரித்து, நூற்புழுக்களைப் பிடித்துத் தின்கிறது என்று 1888இல் ஸோஃப் கண்டார். அதன் உறவினர் சில, சுருக்குக் கண்ணி வைக்கும். புழு தலையை நுழைத்ததும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கண்ணியின் செல்கள் உப்பி இறுக்கிவிடும். நாம் குழம்பு வைக்கும் சிப்பிக்காளானும் இந்த வேலை செய்கிறது என்று 1984இல் கனடாவில் கண்டார்கள். அதன் இழைகளில் குச்சிமிட்டாய் வடிவில் நிற்கும் நுண்ணிய நஞ்சுப் பைகளில் பட்டால் புழு முடங்கிவிடும். உள்ளே இருக்கும் நஞ்சு எது என்று 2023இல் தைவான் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். அதைப் படித்ததிலிருந்து இத்துப்போன கட்டையை அமைதியான இடமாக என்னால் நினைக்க முடிவதில்லை.

செத்த மரத்தில் இன்னொரு வேட்டைக்காரர் ட்ரைக்கோடெர்மா. 1794இல் பெயர் பெற்ற இந்தப் பச்சைப் பூஞ்சை, மரத்தையும் தின்னும், அதே மரத்தைத் தின்னவரும் மற்றப் பூஞ்சைகளைச் சுற்றி வளைத்து அவற்றையும் தின்னும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யும் நம் விவசாயிகள், இந்தக் காட்டுக் குணத்தைத்தான் வயலுக்கு அழைத்து வருகிறார்கள். ஒரே உயிருக்கு இரண்டு பெயர் என்ற குழப்பத்தையும் இதே பூஞ்சை நெடுங்காலம் சுமந்தது. பாலினமற்ற வித்து விடும் நிலையில் ட்ரைக்கோடெர்மா, பாலின வித்து விடும் நிலையில் ஹைப்போக்ரியா. இரண்டும் ஒன்றே என்று 1865இலேயே துலானே சகோதரர்கள் சொல்லிவிட்டார்கள். பூஞ்சைக்கு ஒரு பெயர் போதும் என்ற விதி வந்தது 2011இல், மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாட்டில்.

இதன் உடன்பிறப்பு ஒன்றின் கதை திருப்பூரில் முடிகிறது. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் சீருடைகளும் மளமளவென்று இத்துப்போயின. பூகன்வில் தீவில் அப்படி இத்துப்போன கூடாரத் துணியொன்றிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையை ஆராய்ந்தவர் எல்வின் ரீஸ். பின்னாளில் அவர் பெயரே அதற்கு வைக்கப்பட்டது: ட்ரைக்கோடெர்மா ரீசி. தடுப்பதற்காகத் தொடங்கிய ஆய்வு, அந்தப் பூஞ்சை சுரக்கும் செல்லுலேஸ் நொதியைப் பயன்படுத்துவதில் போய் முடிந்தது. இன்று ஆலைகளில் வளரும் ரீசி வகைகள் எல்லாம் அந்த ஒற்றைக் கூடாரத்துணிப் பூஞ்சையின் வாரிசுகள். பின்னலாடையின் மேல் நிற்கும் நுண்பிசிறுகளைச் செல்லுலேஸ் கொண்டு அரித்து வழவழப்பாக்குவதைத்தான் திருப்பூரில் பயோ வாஷ் என்கிறார்கள். கடையில் பயோ வாஷ் பனியன் துணியைத் தடவிப் பார்க்கும்போது நம் விரலில் படுவது, சருகு மக்கும் அதே வேலையின் அளந்து நிறுத்திய வடிவம்.

தீக்குப் பிறகு

சருகைக் கூட்டிக் கொளுத்துவது நம் ஊர்களில் சுத்தத்தின் அடையாளமாக இருக்கிறது. மார்கழி தொடங்கித் தெருவெல்லாம் புகை. திறந்தவெளியில் எரிப்பதை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடுத்திருந்தும் நிற்கவில்லை. பூங்காக்களில் காய்ந்த கிளை விழுந்தால் அன்றே அகற்றிவிடுகிறார்கள். ஆள்மேல் விழக்கூடிய கிளையை வெட்டுவதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. விழுந்த பிறகு அதை மூலையில் கிடக்க விடுவதில் யாருக்கு என்ன கெடுதல்? உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம்வரை பூஞ்சை இனங்கள் இருக்கலாம் என்று 2017இல் ஹாக்ஸ்வொர்த்தும் லூக்கிங்கும் மதிப்பிட்டார்கள். இதுவரை பெயர் பெற்றவை ஒன்றரை லட்சத்தைச் சற்றுத் தாண்டும். கொளுத்தும் குவியலில் இன்னும் எவரும் பார்த்திராத ஒன்று இருக்க வாய்ப்பே இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

காட்டில் தீ வேறு கணக்கு. முதுமலையின் இலையுதிர்காட்டில் தேக்கும் கருமருதும் இலை உதிர்த்த பிறகு, மாசி பங்குனியில், தரைத்தீ அடிக்கடி ஓடும். மரங்கள் பல பிழைத்துவிடும். தரையில் கிடந்த சருகு சாம்பலாகும். அதிலிருந்த பூஞ்சைகள் என்ன ஆகும் என்ற கேள்வியோடு சூரியநாராயணன் குழுவினர் நீலகிரிப் பகுதிக் காடுகளின் சருகை எடுத்து, அதை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய உலர் வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்தார்கள். பிறகு ஆறவைத்து ஊட்டத்தட்டில் இட்டார்கள். பூஞ்சைகள் முளைத்து வந்தன. 2011இல் வந்த அந்த ஆய்வின் தலைப்பிலேயே அவற்றுக்கு அக்கினியின் பூஞ்சைகள் என்று பெயர் இருந்தது. பூஞ்சை, செடி, விலங்கு எல்லாம் அடங்கிய பெரும் கூட்டத்தில், இந்த அளவு சூட்டைத் தாங்கும் உயிர் மிக அரிது.

இவை வெந்நீர் ஊற்றுகளில் வாழும் வெப்பவிரும்பிகள் அல்ல. வளரும்போது நமக்கு இதமான அதே சூடுதான் இவற்றுக்கும் வேண்டும். வித்தாக, தண்ணீர் வற்றிய நிலையில் உறங்கும்போது மட்டும் தீ தாங்கும் உடம்பு. ஈரத்தோடு வேகவைத்தால் புரதம் குலைந்துவிடும். காய்ந்த நிலையில் அது எளிதில் குலைவதில்லை.

அதே குழுவினர் அடுத்து இன்னொன்றைப் பார்த்தார்கள். சருகு கருகும்போது ஃபர்ஃபுரால் போன்ற பொருள்கள் உண்டாகின்றன. அவை பெரும்பாலான நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. விவசாயக் கழிவிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகளில் ஈஸ்ட்டை முடக்கிப்போடும் தொல்லையும் இவையே. தீ அடிக்கடி ஓடும் நம் தென்னகக் காடுகளிலிருந்து எடுத்த பூஞ்சைகள் பலவற்றுக்கு அந்த நஞ்சை மட்டும் உணவாகக் கொடுத்தார்கள். அதைத் தின்று வளர்ந்தன. ஆக, தீ அணைந்து, சித்திரையில் கோடை மழை முதல் துளி போடும்போது, வேறெங்கிருந்தோ வித்து பறந்து வரட்டும் என்று அந்தக் கறுத்த தரை காத்திருக்கத் தேவையில்லை. சாம்பலுக்கடியில் வேலையாட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். கருகிய சருகில் பிறர் தொடமுடியாத மிச்சமும் அவர்களுக்குச் சோறு.